சான் டியேகோ துறைமுகப் படகுச் சுற்று: தரையிறக்கக் கப்பல்களைப் பார்க்க விரும்புவோருக்கு

சான் டியேகோ நகரின் கடற்கரைச் சாலையிலிருந்து புறப்படும் துறைமுகப் படகுச் சுற்றுக்கு 2024 ஏப்ரல் கடைசி வாரத்தில் அப்பாவை அழைத்துச் சென்றேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப்படகை ஓட்டும் செராங்காக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு, கேளிக்கைப் பூங்காக்களைக் காட்டுவதைவிட ஒரு கடற்படைத் தளத்தைக் காட்டுவதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றியது. படகு நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. போர்க்கப்பல்களைச் சுற்றுலாப் பொருளாக்கிக் காட்டும் எந்தச் சேவையிலும் எதிர்பார்க்கக்கூடியவைதாம்.

முதலில் சீட்டு வாங்குவோர் கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். விரிகுடாவை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரச் சுற்றாகவும் வாங்கலாம். வடக்குச் சுற்றில் கடற்சிங்கங்களும், நார்த் ஐலண்ட் தளத்தில் நிற்கும் விமானம் தாங்கிக் கப்பல்களும், பாயின்ட் லோமா முனையும் கிடைக்கும். படையினரைக் கரையில் இறக்கும் தரையிறக்கக் கப்பல்களைப் பார்க்க வேண்டுமானால் தெற்குச் சுற்றையே வாங்க வேண்டும். ஏனெனில் அவை நிற்கும் 32ஆம் தெருத் தளம் கொரொனாடோ பாலத்துக்கு அப்பால், விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. விற்பனைச் சாளரத்தில் இருந்த பெண் இதை நாங்களாகக் கேட்கும்வரை சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம், போர்க்கப்பல் பார்க்க வந்த சிறுவனோடு, வடக்குச் சீட்டை வாங்கிக்கொண்டு போயிற்று.

படகைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதியவர்கள் ஏறுவதற்குச் சரிவான நடைமேடையும், உள்ளே தூய்மையான கழிவறையும், கீழ்த்தளத்தில் காற்றுப் புகாத இருக்கைகளும் இருந்தன. காப்பி மட்டும் காப்பியாக இல்லை. மேல்தளத்தில் இடப்பக்கம் அமர்வது நல்லது, ஏனெனில் தெற்கே போகும்போது தளம் முழுவதும் அந்தப் பக்கமாகவே வரும். திரும்பும்போது அதே இருக்கையிலிருந்து கொரொனாடோ கரையைப் பார்த்துக்கொண்டு வரலாம். ஏப்ரல் இறுதியானாலும் காற்று குளிர்ந்தே இருந்தது. அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, படகோட்டி துறைமேடையிலிருந்து படகை விலக்கிய விதத்தைப் பார்த்து, கை சுத்தம் என்று ஒரே சொல்லில் சான்றிதழ் கொடுத்தார்.

குறை இருப்பது ஒலிபெருக்கியில். விவரணை சொன்ன இளைஞர் கலகலப்பானவர், குரலும் தெளிவு. ஆனால் அவர் கையில் இருந்தது அடிக்கணக்கும் டன்கணக்கும் நிறைந்த ஒரு பட்டியல் மட்டுமே. 1969இல் திறக்கப்பட்ட கொரொனாடோ பாலத்தின் கீழே போகும்போது, குண்டு விழுந்தால் அதன் நடுப்பகுதி நீரில் மிதக்கும்படி கட்டப்பட்டிருப்பதாக ஒரு கதையைச் சொன்னார். இந்த ஊரில் பல ஆண்டுகளாக உலவும் கட்டுக்கதை அது. பாலத்தின் உயரத்தைப் பற்றி உண்மையாகவே சொல்லத்தக்க செய்தி ஒன்று உண்டு: அதன் அடியில் ஏறத்தாழ 200 அடி இடைவெளி விடப்பட்டிருப்பதால்தான் தெற்கே நிற்கும் பெரிய கப்பல்கள் கடலுக்குப் போக முடிகிறது. அந்தச் செய்தி கட்டுக்கதைக்கு இடம்விட்டு ஒதுங்கிக்கொண்டது.

பாலத்தைத் தாண்டியதும் தளம் தொடங்குகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களுக்குத் தாய்த்துறைமுகமான இந்த இடத்தை நீரிலிருந்து பார்ப்பதற்கு இணையான அனுபவம் கரையில் எங்கும் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடற்படைக் கப்பலிலிருந்து 500 கெஜத்துக்குள் வந்தால் வேகத்தை மிகக் குறைக்க வேண்டும், 100 கெஜத்துக்குள் அனுமதியின்றி நெருங்கவே கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் மிதக்கும் தடுப்புக்கு வெளியே படகு ஊர்ந்துதான் போகிறது. அந்த ஊர்தல் பார்வையாளருக்கு வசதி. துறைமேடைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கண்ணால் அளந்துகொண்டே போகலாம்.

அங்கேதான் பாக்ஸர் என்ற தரையிறக்கக் கப்பல் நின்றது. 257 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 41,000 டன் எடையும் கொண்ட இந்தக் கப்பலை முதல்முறை பார்ப்பவர்கள் விமானம் தாங்கி என்றே எண்ணுவார்கள். தட்டையான மேல்தளமும் ஓரமாக எழும் கோபுரமும் அப்படித்தான் தோன்றவைக்கும். அதன் உண்மையான தொழில் பின்பகுதியில் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய கதவு உண்டு. கப்பல் தன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு பின்பக்கத்தைத் தாழ்த்தும்போது, வெல் டெக் எனப்படும் உள்தளத்துக்குள் கடல் புகுந்துவிடும். உள்ளே நிற்கும், காற்று மெத்தைமேல் ஓடும் ஹோவர்கிராஃப்ட்டுகள் அந்த வழியாக வெளியேறி, 60 டன் சுமையோடு மணிக்கு 40 கடல்மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் கரைக்குப் பாயும். துறைமுகம் இல்லாத மணற்கரையிலும் ஒரு படையை இறக்கிவிட முடியும் என்பதுதான் இவ்வகைக் கப்பல் இருப்பதற்கான காரணம். விவரணையாளர் பாக்ஸரின் நீளத்தையும் அதில் எத்தனை பேர் உண்கிறார்கள் என்பதையும் சொன்னார். கதவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்தக் கப்பல்கள் தனித்தனியே வெளிநாட்டுப் பணிக்குப் போவதில்லை. பாக்ஸர் போன்ற பெரிய கப்பல் ஒன்றும், அதைவிடச் சிறிய இரண்டும் சேர்ந்து ஒரு குழுவாகி, கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் மரீன் படையின் 2,200 பேர் அளவிலான பிரிவு ஒன்றை ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ ஏழு மாதங்களுக்குத் திட்டமிட்டுப் புறப்படுகின்றன. மாலுமிகளையும் சேர்த்தால் ஒரு குழுவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருப்பார்கள். திட்டம் ஏழு மாதம் என்றாலும் கடல் அப்படி நினைப்பதில்லை. அட்லாண்டிக் கரையில் நார்ஃபோக்கிலிருந்து 2023 ஜூலை 10 அன்று புறப்பட்ட, பட்டான் என்ற கப்பலின் குழு, மத்திய கிழக்கு நிலவரம் காரணமாகப் பணிக்காலம் நீட்டிக்கப்பட்டு, எட்டு மாதங்களுக்கும் மேலாகி, 2024 மார்ச்சில்தான் வீடு திரும்பியது.

நாங்கள் போன வாரத்தில் பாக்ஸர் அங்கே நின்றதற்குப் பின்னால் ஒரு நல்ல கதையே இருந்தது. அதன் குழுவில் இருந்த சோமர்செட் ஜனவரியிலேயே புறப்பட்டுவிட்டது. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி மார்ச்சில் போயிற்று. பொறிக்கோளாறுகளால் தாமதமான பாக்ஸர் ஏப்ரல் 1 அன்று கிளம்பி, சுக்கானில் பழுது ஏற்பட்டுப் பத்தே நாளில் திரும்பி வந்து நின்றது. கல்யாண வீட்டிலிருந்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பியவர் தெருமுனையில் செருப்பு அறுந்து திரும்பிய கதைதான். ஒரு குழு என்று தாளில் எழுதப்பட்ட மூன்று கப்பல்களில் இரண்டு பசிபிக்கின் மறுபுறம் இருக்க, மூன்றாவது எங்கள் கண்முன்னே கயிறு கட்டிக் கிடந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர், இது போன கப்பல் அல்லவா என்று விவரணையாளரிடம் கேட்டார். அதற்கு விடை, கடற்சிங்கங்களைப் பற்றிய ஒரு நகைச்சுவையாக வந்தது.

இதை நான் பெரிதுபடுத்துவதாகச் சிலருக்குத் தோன்றலாம். காசு கொடுத்து வருபவர்கள் கடற்காற்றுக்காகத்தான் வருகிறார்கள் என்று நிறுவனம் எண்ணுமானால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் விளம்பரத்தில் கடற்படையின் பெயரை முன்னே போட்டு விற்றுவிட்டு, அந்தக் கடற்படை என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. 2020 ஜூலை 12 அன்று இதே தளத்தில், பாக்ஸரின் உடன்பிறப்பு எனத்தக்க பான் ஓம் ரிச்சர்ட் என்ற கப்பல், பராமரிப்புப் பணிக்காகக் கட்டிப்போடப்பட்டிருந்தபோது தீப்பிடித்து நான்கு நாட்களுக்கு மேல் எரிந்தது. அடுத்த ஆண்டு சேவையிலிருந்து நீக்கப்பட்டுப் பழைய இரும்புக்குப் போயிற்று. அதே மாதம் 30ஆம் தேதி, வெளிநாட்டுப் பணிக்கு முந்தைய பயிற்சியின்போது, சான் கிளெமென்டே தீவுக்கு அருகில், சோமர்செட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த தரையிறக்க வாகனம் ஒன்று மூழ்கி ஒன்பது பேர் இறந்தனர். இந்த நீர்ப்பரப்பில் நடந்தவை இவை. ஒரு மணி நேர விவரணையில் இரண்டு நிமிடம் இவற்றுக்குக் கொடுத்திருந்தால் யாருடைய உல்லாசமும் கெட்டிருக்காது என்பது என் எண்ணம்.

சோமர்செட் வகையைச் சேர்ந்த வேறொரு கப்பல், பின்பக்கம் எங்களை நோக்கியபடி நின்றது. அதன் கதவைப் பார்த்த உடனே அப்பா, "இது நம்ம ஜலஷ்வா சாதிதான்" என்றார். அவர் ஊகம் தவறில்லை. இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலஷ்வா, 1971இல் டிரென்டன் என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, 2007இல் இந்தியாவுக்கு விற்கப்பட்டது. அந்தப் பழைய வகைக்கு மாற்றாகக் கட்டப்பட்டவையே சோமர்செட்டும் அதன் இனத்தாரும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் தொடக்கத்தில், கொழும்பில் சிக்கியிருந்த ஏறத்தாழ 700 பேரை ஏற்றிக்கொண்டு ஜலஷ்வா தூத்துக்குடிக்கு வந்தபோது அப்பா இன்னும் பணியில் இருந்தார். முகக்கவசம் போட்டுக்கொண்டு பெட்டி சுமந்து இறங்கிய அந்தக் கூட்டத்தைத் தூர நின்று பார்த்தவருக்கு, இவ்வகைக் கப்பல் போருக்கு மட்டும் உரியதல்ல என்பதை ஒலிபெருக்கி சொல்லித் தெரியவேண்டியதில்லை. என்னைச் சுற்றி இருந்த மற்றவர்களுக்கு அது தெரிய வாய்ப்பு இல்லாமலே போயிற்று.

சுற்றின் மிகச் சிறந்த பத்து நிமிடங்கள் நிறுவனத்தின் திட்டத்தில் இல்லாதவை. தளத்தின் தென்கோடிக்கு அருகே அழிகலன் வகைப் போர்க்கப்பல் ஒன்று புறப்படுவதற்கு ஆயத்தமாக இருந்ததால், எங்கள் படகு விலகி நிற்க வேண்டியிருந்தது. இரண்டு இழுவைப்படகுகள் அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன. துறைமேடையில் இருந்தவர்கள் வடங்களை ஒவ்வொன்றாக விடுவித்தார்கள். கடைசி வடம் விடுபட்ட அதே நொடியில், முன்மூக்கில் இருந்த சிறு கொடியும் பின்பகுதியில் இருந்த நாட்டுக் கொடியும் ஒருசேர இறங்க, கோபுரத்துக் கம்பத்தில் அதே நாட்டின் வேறொரு கொடி ஏறியது. கூடவே நீண்ட சங்கொலி ஒன்று. கரையோடு கட்டப்பட்ட நிலை முடிந்து, கப்பல் ஓட்டத்தில் இருக்கும் நிலை தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்து முடிப்பதில் மாலுமிகளுக்கு ஒரு பெருமை உண்டு. அப்பா எழுந்து நின்றுவிட்டார். "வடம் விட்டாச்சு, கொடி மாறிட்டு, பாத்தியா?" என்று என் தோளைத் தட்டினார். இழுவைப்படகு எந்தக் கோணத்தில் தள்ளுகிறது, காற்று எந்தப் பக்கம் கப்பலை ஒதுக்குகிறது என்று அவர் தாழ்ந்த குரலில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த ஒரு தம்பதி அதை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். என் வாழ்நாளில் முதல்முறையாக அப்பாவின் தொழிலை நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்த நேரம் முழுவதும் ஒலிபெருக்கி, சிற்றுண்டிக் கடையில் கிடைக்கும் பொருட்களை அறிவித்துக்கொண்டிருந்தது.

ஆக, சேவைக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். தெற்குச் சுற்றின் காட்சிக்கு மட்டும் என்றால் நான்கரை. விவரணை ஒன்றரையோடு நிற்கும். போகிறவர்கள் கப்பல்களைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் கொடுத்த காசு வீணாகாது. வார நாளில் போங்கள். துறைமேடைகளில் வேலை நடப்பதைப் பார்க்கலாம். இருநோக்கி ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், படகில் வாடகைக்குத் தருவதில்லை. அருகிலேயே அருங்காட்சியகமாக நிற்கும் மிட்வே கப்பலையும் அதே நாளில் பார்த்துவிடலாம் என்று விற்பனைச் சாளரத்தில் ஆசை காட்டுவார்கள். அதற்கு மட்டுமே அரை நாள் வேண்டும். முதியவர்களோடு வருபவர்கள் இன்னொரு நாள் வைத்துக்கொள்வதே நல்லது.

ஒரு தரையிறக்கக் கப்பல் நெடும்பணிக்குப் புறப்படுவதைப் பார்க்க வேண்டும் என்று விரும்புவோர் மட்டும் இந்தச் சீட்டை நம்பக் கூடாது. புறப்படும் நேரத்தைக் கடற்படை முன்கூட்டியே ஊருக்கு அறிவிப்பதில்லை; குடும்பத்தாரும் அதைப் பொதுவெளியில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். எனவே எந்தப் படகு நிறுவனமும் அதை நேரம் குறித்து விற்க முடியாது. நான் பார்த்தது அடுத்த வீட்டுக்காரர் தயவில். முக்குளிப்போர் நீருக்கடியிலேயே சுக்கானைச் சரிசெய்து முடித்தபின், பாக்ஸர் ஜூலை 16 அன்று மறுபடியும் புறப்பட்டது. அவர்கள் வீட்டுப் பிள்ளை அதில் இருந்தான். அன்று காலையில்தான் அந்த அம்மா எங்களிடம் சொன்னார்.

பார்க்கத் தகுந்த இடம் ஷெல்டர் தீவு. பெயரில் தீவு என்றாலும் காரிலேயே போய்விடலாம். கரையோரம் நீளமான பூங்கா, புல்தரை, நுழைவுக் கட்டணம் கிடையாது. 32ஆம் தெருத் தளத்திலிருந்து வரும் கப்பல் பாலத்தின் அடியில் நுழைந்து, நகரத்தின் முன்னால் கடந்து, மேற்கே வளைந்து, பிறகு தெற்கே திரும்பி, நார்த் ஐலண்டுக்கும் இந்தப் பூங்காவுக்கும் இடையே உள்ள கால்வாய் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் கரைக்கும் கப்பலுக்கும் இடையே சில நூறு மீட்டர் மட்டுமே இருக்கும். படகுச் சுற்றில் சட்டம் விதிக்கும் தூரம் இங்கே இயற்கையாகவே அமைந்துவிடுகிறது. நாம் நிலத்தில் நிற்கிறோம், கப்பல் நம்மிடம் வருகிறது.

துறைமேடைக்குள் அனுமதி பெற்ற குடும்பத்தார் அங்கே விடைகொடுத்துவிட்டு, வண்டிகளில் விரைந்து இந்தப் பூங்காவுக்கு வந்து இரண்டாம் முறை விடைகொடுக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். மேல்தளத்தின் விளிம்பு நெடுக மாலுமிகள் இடைவெளி விட்டு வரிசையாக நின்றார்கள். இந்தத் தூரத்தில் முகம் தெரியாது. ஆனால் எங்கள் அடுத்த வீட்டம்மா ஓர் உருவத்தைச் சுட்டி அவன்தான் என்றார், நாங்களும் ஆமாம் என்றோம். கப்பல் இங்கிருந்து நேராக வெளிநாட்டுக்குப் போய்விடுவதில்லை என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. கடலுக்குள் போனதும் வடக்கே திரும்பி, மரீன் தளமான கேம்ப் பெண்டில்டனின் கரைக்கு எதிரே நின்று, மரீன் படையினரின் வண்டிகளையும் தளவாடங்களையும் ஹோவர்கிராஃப்ட்டுகள் கரையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து சேர்ப்பதற்கு இடம் கொடுப்பது வழக்கமாம். பின்பக்கக் கதவின் முதல் வேலை ஊர் எல்லையிலேயே தொடங்கிவிடுகிறது. அப்பா கப்பலைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் துணைக்கு வந்த இழுவைப்படகையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் அது கப்பலை விட்டு விலகும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்ன இடத்துக்குச் சற்று முன்பே அது விலகியதும், அவசரக்காரன் என்றார்.

கப்பல் விரிகுடாவின் வாயருகே உள்ள பாலஸ்ட் பாயின்ட் முனையை நெருங்கியபோது, வடக்குச் சுற்றுக்கு வந்த ஒரு படகு, போதிய தூரம் விட்டு, எங்கள் கரையோரமாகக் கடந்தது. காற்று எங்கள் பக்கம் வீசியதால் ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்டது. அடுத்த வீட்டம்மா இன்னும் கையை இறக்கவில்லை. படகிலிருந்த குரல், வலப்பக்கம் பாருங்கள் என்று சொல்லி, பாக்ஸரின் நீளத்தை அடிக்கணக்கில் அறிவித்துவிட்டு, கடற்சிங்கங்களுக்குப் போயிற்று.